ஸ்பீக்கர் கேபிள் எத்தனை மீட்டர் வாங்குவது?

அப்பா காலத்து ஆம்ப்ளிஃபையரைத் தூசு தட்டி எடுப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் நடக்கும் பழம்பொருள் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். இசைத்தட்டுப் பெட்டிகளைக் கிளறுபவர்களில் நரைத்த தலைகளும் உண்டு, கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், இசைத்தட்டுச் சுழலி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேரும். எல்லாம் வந்த பிறகுதான் அந்தக் கடைசிக் கேள்வி எழும்: கேபிள் எத்தனை மீட்டர் வாங்குவது?

நான் கிள்ளானில் 30 ஆண்டுகளுக்கு மேலாக ஒலிச்சாதனங்கள் பழுது பார்த்து வருகிறேன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். பலர் கேட்கும்போதே கையில் ஒரு பதிலோடும் வருகிறார்கள். "நீளமா கேபிள் போட்டா சவுண்டு செத்துப்போயிடுமாமே?" "ரெண்டு பக்கமும் ஒரே நீளமா இல்லேன்னா பாட்டு முன்ன பின்ன கேக்குமாமே?" இந்த 'மாமே'க்களில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மிச்சம் வியாபாரம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் பணமும் மிஞ்சும், வீட்டில் சண்டையும் குறையும்.

முதலில் இடம், அப்புறம் நீளம்

கடையில் 3 மீட்டர் ஜோடி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து, அது எட்டும் இடத்தில் ஸ்பீக்கரை வைப்பவர்கள் அதிகம். இது செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற கதை. ஸ்பீக்கர் எங்கே நின்றால் உங்கள் காதுக்கு நன்றாக இருக்கிறதோ, அதுதான் அதன் இடம். கேபிள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

பொதுவான வழி முக்கோணம். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் 2 மீட்டர் என்றால், நீங்கள் உட்காரும் நாற்காலியும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஸ்பீக்கரின் பின்புறம் காற்றுத் துளை இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஓர் அடியாவது விடுங்கள். இல்லாவிட்டால் தபேலாவும் பாஸ் கிட்டாரும் ஒன்றாகக் குழைந்துவிடும்.

நல்ல கேபிள் வாங்குமுன் மலிவான மெல்லிய வயரை ஒரு வாரம் தரையில் போட்டுக் கேளுங்கள். ஸ்பீக்கரை ஒரு நாள் முன்னே தள்ளுவீர்கள், மறுநாள் பக்கவாட்டில் நகர்த்துவீர்கள். வீட்டில் உள்ளவர்களும் தங்கள் கருத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து அது எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து அளவெடுங்கள்.

ராஃபியா கயிறு போதும்

மீட்டர் டேப்பைப் பிடித்து ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் வரை நேர்க்கோட்டில் அளந்தால் கணக்கு தப்பும். கேபிள் காக்கை மாதிரி பறந்து போவதில்லை. அலமாரிக்குப் பின்னால் இறங்கி, சுவரோரமாக நடந்து, கதவைச் சுற்றி ஏறி இறங்கிப் போகிறது. அந்தப் பாதையைத்தான் அளக்க வேண்டும்.

வீட்டில் சாமான் கட்டும் ராஃபியா கயிறு இருக்குமே, அதை எடுங்கள். ஆம்ப்ளிஃபையரின் பின்புற முனையில் தொடங்கி, கேபிள் போகவேண்டிய வழியிலேயே கயிற்றைப் போட்டு, ஸ்பீக்கரின் பின்புற முனையில் நிறுத்துங்கள். வளைவுகளில் இழுத்துப் பிடிக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு முடிச்சு. பிறகு கயிற்றை நீட்டி டேப்பால் அளங்கள்.

அந்த அளவோடு ஸ்பீக்கர் பக்கம் அரை மீட்டர், ஆம்ப்ளிஃபையர் பக்கம் ஒரு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை நகர்த்திக் கூட்டிப் பெருக்கவும், ஆம்ப்ளிஃபையரை முன்னே இழுத்துப் பின்புறம் பார்க்கவும் இந்தத் தளர்வு வேண்டும். கேபிள் விறைப்பாக நின்றால், யாராவது ஒருவர் கால் பட்ட நாளில் ஸ்பீக்கர் கீழே வரும், அல்லது ஆம்ப்ளிஃபையரின் முனை பிய்யும். அப்படிப் பிய்ந்து வந்த முனைகள் என் மேசையில் எத்தனையோ.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் உரித்துவிட்ட செம்பு முனை நாளடைவில் கறுத்துப்போகும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து மாட்டினால் சரியாகிவிடும். வெட்டுவதற்குக் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டாமா?

சுற்றுவழியில் போன கேபிள்

சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். ஒற்றை மாடி வரிசை வீடு. தொலைக்காட்சியின் இருபுறமும் ஸ்பீக்கர். அவருடைய ஆம்ப்ளிஃபையர் எழுபதுகளில் வந்தது, ரிமோட் கிடையாது. முழங்கால் வலிக்காரர் என்பதால், உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே, எதிர்ச்சுவரோரம் அதை வைக்க ஆசைப்பட்டார்.

நேராகப் போட்டால் கேபிள் 4 மீட்டர்தான். ஆனால் கூடத்தின் நடுவே போகும். அதே வழியாகத்தான் அவர் மனைவி இரவில் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குக் கைத்தடி ஊன்றி நடக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "தம்பி, அவரு பாட்டு கேக்கட்டும், நான் வேணாங்கல. ராத்திரி நான் எந்திரிச்சுப் போற வழியில வயரு மட்டும் வேணாம்" என்றார் அந்த அம்மா.

ஆசிரியருக்கு வேறு கவலை. ஒரு கடையில் "கேபிள் நீளமாகிவிட்டால் இசை உயிரிழந்துவிடும், சுற்றுவழி வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாலு இலக்க விலையில் 4 மீட்டர் ஜோடி ஒன்றையும் காட்டி, கம்பளத்துக்கு அடியில் போட்டு மறைத்துவிடலாம் என்றிருக்கிறார்கள். கம்பளத்துக்கு அடியில் கேபிள் போடுவது இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாத மேடு தெரிகிற மேட்டைவிட ஆபத்து. மிதிபட்டு மிதிபட்டுக் கேபிளும் உள்ளே நைந்துபோகும்.

"சார், சுவரோரமா போய், ரூம் கதவு நிலைக்கு மேல ஏறி இறங்கினா ஒரு பக்கம் 9 மீட்டர், இன்னொரு பக்கம் 12 மீட்டர் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?" என்றேன். கணக்கு வாத்தியார்தான் அவர். தாளும் பென்சிலும் உடனே வந்துவிட்டன.

அந்தக் கணக்கு இதுதான்

ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமன் உள்ள செம்புக் கம்பி, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.017 ஓம் தடை தரும். தடிமன் கூடினால் தடை குறையும். நீளம் கூடினால் தடை கூடும். மின்சாரம் போய்த் திரும்பி வரவேண்டும் என்பதால் நீளத்தை இரண்டால் பெருக்க வேண்டும்.

2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் 12 மீட்டர் என்றால், போக வர 24 மீட்டர் கம்பி. தடை 0.17 ஓம்கூட இல்லை. ஆசிரியரின் ஸ்பீக்கர் 8 ஓம். இதனால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் ஒலி அளவில் குறைவது 0.2 டெசிபலுக்கும் கீழே. நேராக 4 மீட்டர் போட்டிருந்தாலும் 0.06 டெசிபல் குறைந்திருக்கும். சுற்றுவழியால் கூடுதலாக இழப்பது 0.12 டெசிபல் அளவுதான். ஒலி அளவில் ஒரு டெசிபல் மாற்றத்தையே பலருடைய காது சிரமப்பட்டுத்தான் கண்டுபிடிக்கும். ஆம்ப்ளிஃபையரின் குமிழை மயிரிழை திருப்பினால் இதைவிட அதிகம் மாறும்.

அந்த அம்மாவின் நடைபாதைக்காக ஆசிரியர் இசையில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் சுருளிலிருந்து வெட்டி விற்கும் சாதாரணச் செம்புக் கேபிள் வாங்கி, பிளாஸ்டிக் கேசிங்கில் போட்டு, கதவு நிலையைச் சுற்றி அடித்தோம்.

எந்த நீளத்துக்கு எந்தத் தடிமன்?

'நீளமான கேபிள் கெடுதல்' என்பதில் உள்ள உண்மை, மெல்லிய கேபிள் நீளமானால் கெடுதல் என்பதுதான். நடைமுறையில் பலரும் பின்பற்றும் விதி: கேபிளின் மொத்தத் தடை, ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம். அந்தக் கணக்கில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம் போடக்கூடிய அதிகபட்ச நீளம் ஏறக்குறைய இப்படி வரும்:

0.75 சதுர மி.மீ. – 8 மீட்டர்
1.5 சதுர மி.மீ. – 17 மீட்டர்
2.5 சதுர மி.மீ. – 29 மீட்டர்
4 சதுர மி.மீ. – 46 மீட்டர்

போக வரக் கணக்கு இதில் சேர்ந்துவிட்டது. நீங்கள் மறுபடி பெருக்க வேண்டாம். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் இந்த நீளங்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 6 ஓம் என்றால் முக்கால் பங்கு. ஓம் அளவு ஸ்பீக்கரின் பின்புறமே அச்சிடப்பட்டிருக்கும்.

சில கடைகளில் சதுர மில்லிமீட்டர் சொல்லமாட்டார்கள். அமெரிக்க அளவான ஏடபிள்யூஜி எண்ணைச் சொல்வார்கள். அதில் எண் பெரிதானால் கம்பி மெல்லியது. 16 என்பது ஏறக்குறைய 1.3 சதுர மி.மீ., 14 என்பது 2.1, 12 என்பது 3.3.

தடை கூடினால் என்ன ஆகும்? சத்தம் குறைவது பெரிய பிரச்சினை இல்லை. குமிழைத் திருப்பினால் போயிற்று. 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் ஸ்பீக்கரின் ஓம் எல்லாச் சுரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சில இடங்களில் 6 ஓம் பக்கம் இறங்கும். பாஸ் பகுதியில் 20, 30 ஓம் வரைகூட ஏறும். கேபிளின் தடை அதிகமானால், ஓம் இறங்கும் இடத்தில் ஒலி கூடுதலாக அடங்கும், ஏறும் இடத்தில் அவ்வளவாக அடங்காது. பாட்டின் நிறமே மாறும். கூம்பின் அசைவை ஆம்ப்ளிஃபையர் இறுக்கிப் பிடிக்கும் பிடியும் தளரும். மெல்லிய வயரை 15 மீட்டர் இழுத்த வீடுகளில் பாஸ் தொளதொளவென்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வரிசை வீடுகள் பெரும்பாலும் 20, 22 அடி அகலம். கூடத்தைச் சுற்றி வந்தாலும் ஒரு பக்கம் 15 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் வாங்கினால் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போதும். அடுக்குமாடி வீட்டில் 5 மீட்டருக்குள் என்றால் 1.5 தாராளம்.

இரண்டு பக்கமும் ஒரே நீளமா?

ஆசிரியர் வீட்டில் ஒரு பக்கம் 9, மறுபக்கம் 12 என்றேன். "பாட்டு முன்ன பின்ன கேக்காதா?" என்று அவரும் கேட்டார். கேபிளில் மின் சைகை விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 3 மீட்டர் கூடுதலாக ஓட 15 நானோ விநாடி; அதாவது ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் 15 பங்கு. அந்த நேரத்தில் காற்றில் ஒலி நகரும் தூரம், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாட்டுக்குத் தலையாட்டும்போது உங்கள் காது நகர்வது இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. ஒலி அளவிலும் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 0.05 டெசிபலைத் தொடவில்லை.

வித்தியாசம் ஒன்றிரண்டு மீட்டர்தான் என்றால் இரண்டையும் ஒரே நீளமாகவே வெட்டிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆம்ப்ளிஃபையர் இடம் மாறினால் உதவும். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 12 என்றால் வீணாகச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வகை, ஒரே தடிமன் இருக்கட்டும்.

மிச்சமுள்ள கேபிளைச் சுருட்டி வைத்தால் காந்தச் சுருளாகிவிடும் என்ற பயமும் உண்டு. போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒட்டியே இருப்பதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது பெரும்பாலும் அழித்துவிடும். முன்னும் பின்னுமாக மடித்து அலமாரிக்குப் பின்னால் வைத்தால் போதும். இரண்டு தனித்தனிக் கம்பிகளை வெவ்வேறு வழியில் கொண்டுபோவதுதான் தவறு. அப்போது உச்ச ஸ்தாயி மங்கும்.

குறைந்தபட்ச நீளம் ஏதும் உண்டா? சாதாரணமாக இல்லை. ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். இங்கிலாந்தின் நெய்ம் நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றுக்கு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 3.5 மீட்டர் கேபிள் வேண்டும் என்று சொல்லி வந்திருக்கிறது. மற்றவர்கள் ஆம்ப்ளிஃபையருக்குள் வைக்கும் சிறு கம்பிச் சுருளை அவர்கள் வைக்காமல், அந்த வேலையைக் கேபிளிடமே விட்டுவிட்டார்கள். பழைய நெய்ம் உங்களிடம் இருந்தால் கேபிளைக் குட்டையாக வெட்டாதீர்கள்.

கோயிலில் மட்டும் எப்படி?

"திருவிழாவுக்குக் கோயிலிலிருந்து முச்சந்தி வரை வயர் இழுக்கிறார்களே, அங்கே மட்டும் எப்படிச் சத்தம் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. அது 100 வோல்ட் முறை. ஆம்ப்ளிஃபையரில் மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்பி, ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்குவார்கள். 10 வாட் ஒலிபெருக்கி அந்தக் கம்பிக்கு 1,000 ஓம் போலத் தெரியும். 1.5 சதுர மி.மீ. வயர் 200 மீட்டர் இழுத்தாலும் அதன் தடை 5 ஓமுக்குள். ஆயிரத்தில் ஐந்து பெரிதா? அறிவிப்புக்கும் நாதஸ்வரத்துக்கும் அது போதும். வீட்டு ஸ்டீரியோ அந்த முறையில் வேலை செய்வதில்லை, இரண்டையும் கலக்காதீர்கள்.

கடையிலும் வீட்டிலும் கவனிக்க

வாங்கும்போது 'முழுச் செம்பா?' என்று கேளுங்கள். சிசிஏ என்று எழுதியிருந்தால், அது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. அதே தடிமனில் அதன் தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எழுதாமல் விற்பவர்களும் உண்டு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். ஈயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாக இருக்கும்; ஆனால் சுரண்டினால் உள்ளே செம்பு நிறம் வரும்.

வீட்டு மின்சார வயரை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தினால் ஒலிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பார்ப்பதற்கு மின்சார வயர் போலவே இருப்பதால், விஷயம் தெரியாத ஒருவர் அதில் மூன்று முனை பிளக்கை மாட்டிவிடலாம். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் அந்த வம்பு வேண்டாம். அதேபோல ஸ்பீக்கர் கேபிளையும் மின்சார வயரையும் ஒரே கேசிங்கில் போடாதீர்கள். கூரைக்குள் கொண்டுபோவதாக இருந்தால் எலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கட்டும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறிவிட்டால் பாஸ் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்கமாட்டார். கேசிங்குக்குள் போன கேபிளில் எந்த முனை எது என்று குழம்பினால், ஆம்ப்ளிஃபையர் பக்கம் கழற்றிய முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். பெரிய கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட கம்பிதான் சிவப்பு. கடைசியாக, பிசிறாக நிற்கும் செம்பு இழை பக்கத்து முனையைத் தொடாமல் முறுக்கிவிடுங்கள். ஒரே ஓர் இழை தொட்டதால் எரிந்துபோன ஆம்ப்ளிஃபையர்கள் என்னிடம் வருகின்றன. அந்தப் பழுதுக்கு ஆகும் செலவில் வீடு முழுக்கக் கேபிள் போடலாம்.

இத்தனைக்கும் பிறகு கடைக்காரர் "எத்தனை மீட்டர்?" என்று கேட்டால், முடிச்சுப் போட்ட ராஃபியா கயிற்றின் அளவோடு ஒன்றரை மீட்டர் கூட்டிச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் தனியாக அளந்தீர்களா என்பதை மட்டும் கிளம்புமுன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.